மேடு பள்ளக் காட்டில் கம்பி வேலி: கல்லை விடக் கருவி முக்கியம்

மேடு பள்ளமான விளைநிலத்தில், அதாவது மேட்டுக்காட்டில், கம்பி வேலி போட்டு ஒரு மழைக்காலம் தாண்டியதும் போய்ப் பாருங்கள். மேட்டின் உச்சியில் நிற்கும் கல்கால் நட்டபடியே நிற்கும். பள்ளத்தில் இருக்கிற கல்கால்தான் கால் அடி, அரை அடி மேலே எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அடிக்கம்பிக்குக் கீழே பன்றி நுழைந்த தடம் இருக்கும். கல் மட்டமானது, கம்பி மட்டமானது, ஆள் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் இந்த மூன்றுமே காரணமாக இருக்காது. குழி எடுப்பதற்கு முன்னால் நிலத்தை அளக்கவில்லை. கம்பியை எங்கே பிடித்து எதுவரை இழுப்பது என்று முடிவு செய்யவில்லை. தப்பு அங்கேதான் நடந்திருக்கும்.

சமதளமான வயலில் இந்த இரண்டையும் கண்ணளவிலேயே ஒப்பேற்றிவிடலாம். சரிவில் கண் ஏமாற்றும். அதனால்தான் கருவி வேண்டியிருக்கிறது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. நூல்கண்டு, நேரான நாலு கம்பு, கொத்தனாரிடம் இருக்கும் தூக்குக்குண்டு, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப்), அளவு போட்ட ஒரு பைப்புத் துண்டு, நல்ல கடப்பாரை, கம்பி இழுக்க ஒரு ரேட்செட் புல்லர். இதில் புல்லர் ஒன்றைத்தான் தேடி வாங்கவேண்டியிருக்கும். மற்றதெல்லாம் ஊருக்குள்ளேயே கிடைக்கும்.

கொங்குப் பக்கத்திலும் மலையடிவாரங்களிலும் பரவலாக இருப்பது கல்கால் நட்டு ஐந்து வரி முள்கம்பி ஓட்டும் வேலி. இங்கே சொல்வதெல்லாம் அதற்குத்தான். செயின்லிங்க் (பின்னிய கம்பி வலை) மாறுபடும் இடத்தைத் தனியாகச் சொல்கிறேன்.

நேர்கோடு எடுப்பது

எல்லைக்கல்லிலிருந்து அடுத்த எல்லைக்கல்லுக்கு நூல் கட்டிவிட்டால் நேர்கோடு வந்துவிடும் என்பது சமதளத்துக் கணக்கு. நடுவில் மேடு இருந்தால் நூல் மண்ணில் தட்டும், செடியில் சிக்கும். தட்டின இடத்தில் இரண்டு அங்குலம் விலகினாலும் கடைசியில் வேலி வில்லாக வளைந்து நிற்கும். வளைந்த வேலியில் கம்பியை இழுக்கும்போது ஒவ்வொரு கல்காலும் வளைவின் உள்பக்கம் சாயப் பார்க்கும்.

அதனால் நீள எல்லைக்கு முதலில் கம்பு, பிறகு நூல். ஆறடி உயரத்தில் நேரான கம்புகளை எடுத்து, தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொன்றை நட்டு, முதல் கம்புக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கவேண்டும். நடுவில் பிடிக்கும் கம்பு, தூரத்துக் கம்பை முழுதாக மறைத்தால் அது கோட்டில் இருக்கிறது. இப்படி 50 அடிக்கு ஒன்று நட்டபிறகு, கம்புக்குக் கம்பு நூல் கட்டினால் எங்கேயும் தட்டாது.

மேட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு முனை, அந்தப்பக்கம் மறுமுனை. ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியவே தெரியாது என்றால்? இதற்குச் சர்வே ஆட்கள் செய்யும் வழி எளிமையானது. மேட்டின் மேல் இரண்டு பேர் ஆளுக்கொரு கம்போடு இருபது முப்பது அடி இடைவெளியில் நிற்கவேண்டும். கிழக்கே நிற்பவருக்கு மேற்கு முனைக் கம்பு தெரியவேண்டும், மேற்கே நிற்பவருக்குக் கிழக்கு முனைக் கம்பு தெரியவேண்டும். கிழக்கே நிற்பவர் மேற்கு முனையைப் பார்த்து, நடுவில் இருக்கும் மேற்கு ஆளைக் கோட்டுக்குள் நகர்த்துவார். அடுத்து மேற்கு ஆள் கிழக்கு முனையைப் பார்த்து, கிழக்கு ஆளை நகர்த்துவார். மாறி மாறி நாலைந்து தடவை செய்தால் இனி யாரும் நகரவேண்டியதில்லை என்ற நிலை வரும். நாலு கம்பும் அப்போது ஒரே கோட்டில் இருக்கும். கால் மணி நேர வேலை, ஒரு பைசா செலவில்லை.

நீளக் கணக்கிலும் ஒரு விஷயம் உண்டு. புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) போட்டிருக்கும் அளவு கிடைமட்ட அளவு. நிலம் பத்தடிக்கு இரண்டடி ஏறினால் சரிவின் மேல் அதே பத்தடி 10.2 அடி ஆகும். பத்தடிக்கு நாலடி ஏறினால் 10.77 அடி. அப்படிப்பட்ட சரிவில் 300 அடி எல்லைக்கு 323 அடிக் கம்பி வேண்டும். ஐந்து வரிக்கு 115 அடி கூடுதல். 12-க்கு 12 கேஜ் முள்கம்பி (கம்பியும் முள்ளும் 12 கேஜ் தடிமன்) ஒரு கிலோ ஏறக்குறைய 30 அடி வரும். ஆக நாலு கிலோ குறையும். படத்தைப் பார்த்துக் கம்பி வாங்கிவிட்டு, கடைசி மூலையில் கம்பி பற்றாமல் துண்டு போட்டு முறுக்குவது இப்படித்தான் நேர்கிறது. டேப்பை நிலத்தோடு ஒட்டிப் பிடித்து அளந்துவிட்டு, அதற்குமேல் 5 சதவீதம் சேர்த்து வாங்குங்கள்.

எந்த இடத்தில் கல்கால்

எட்டடிக்கு ஒன்று என்று ஒரு மூலையிலிருந்து குறித்துக்கொண்டே போவது மேடு பள்ளத்தில் செய்யக்கூடாத வேலை. மேட்டின் உச்சி இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் அடிக்கம்பி மண்ணில் உரசும். பள்ளத்தின் அடி நடுவில் மாட்டிக்கொண்டால் கம்பிக்குக் கீழே ஒன்றரை அடிச் சந்து விழும். முதலில் மூலை, உச்சி, பள்ளத்தின் அடி, சரிவு சட்டென்று மாறும் இடம் இவற்றுக்கு முளை அடியுங்கள். அப்புறம் மிச்ச இடத்தைச் சமமாகப் பங்கு போடுங்கள். உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவே 43 அடி இருந்தால் எட்டடியாக வைத்து மூன்றடி மிச்சம் விடவேண்டாம். ஆறு பங்காகப் போட்டு 7 அடி 2 அங்குலத்துக்கு ஒன்று வைத்தால் சரியாக முடியும்.

முளை அடித்தபின் நூலால் ஒரு சோதனை. பக்கத்துப் பக்கத்து முளை இரண்டிலும் தரையிலிருந்து 6 அங்குல உயரத்தில் நூலை இழுத்துக் கட்டுங்கள். அடிக்கம்பி ஓடப்போகிற உயரம் அதுதான். நூலுக்கும் மண்ணுக்கும் நடுவே எங்கேயாவது 10 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வந்தால் அங்கே இன்னொரு கல்கால் வேண்டும், இல்லாவிட்டால் கல் அடுக்கி மேடு ஆக்கவேண்டும். நூல் மண்ணைத் தொட்டால் அங்கே மண்ணைச் சீவவேண்டும். கல் இறக்குவதற்கு முன்னாலேயே இதைத் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது குழி மூடியபிறகுதான் பலருக்குப் புரிகிறது. 7 அடி நீளம், 6-க்கு 5 அங்குலக் கருங்கல் கால் ஒன்று ஏறக்குறைய 110 கிலோ கனக்கும். நட்டதைப் பிடுங்கி மாற்றி நடுவது லேசான வேலை இல்லை.

துளை போட்ட கல் வேண்டுமா, வேண்டாமா? சரிவு நிலத்துக்குத் துளையில்லாத கல்தான் நல்லது என்பது என் கருத்து. துளை போட்ட கல்லிலும் கான்கிரீட் காலிலும் கம்பியின் உயரம் முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. குழி மூன்று அங்குலம் ஆழமாகிவிட்டால் ஐந்து வரியும் மூன்று அங்குலம் இறங்கும். துளையில்லாத கல்லில் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டுவதால், எந்த இடத்திலும் வரியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

அதற்குத்தான் அளவுக் கம்பு. முக்கால் அங்குல பிவிசி பைப்பை ஐந்தடிக்கு வெட்டி, அடியிலிருந்து 6, 16, 28, 42, 56 அங்குலத்தில் கலர் டேப் சுற்றிவிடுங்கள். ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் இதை நிறுத்தி, சாக்பீஸால் ஐந்து கோடு போட்டால் போதும். யார் கட்டினாலும் ஒரே அளவில் வரும். பன்றித் தொல்லை இருக்கிற ஊரில் முதல் அளவை 4 அங்குலமாக இறக்குங்கள். (அடிக்கம்பியில் வீட்டு மின்சாரத்தைத் திறந்துவிடும் வேலையை யாரும் செய்யாதீர்கள். பன்றி சாவதற்கு முன்னால் பக்கத்து நிலத்துக்காரர் சாவார்.)

வேலி சரிவுக்குக் குறுக்கே ஓடும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். மேல்பக்கம் நிற்கும் மாட்டுக்கு ஐந்தடி வேலி நாலடியாகத்தான் தெரியும். வரப்புக்கு நேர் கீழே வேலி போட்டால் ஆடு வரப்பில் ஏறி நின்று தாண்டிவிடும். மேலே வரப்பு இருந்தால் அதன் தலையிலேயே போடுங்கள், இல்லாவிட்டால் ஆறடியாவது தள்ளிப் போடுங்கள்.

குழியும் தூக்குக்குண்டும்

சரிவில் குழி ஆழத்தை எந்த உதட்டிலிருந்து அளக்கிறோம் என்பதில் ஆரம்பிக்கிறது பிரச்சினை. ஓரடி அகலக் குழியில், பத்தடிக்கு இரண்டடிச் சரிவு இருந்தாலே மேல் உதட்டுக்கும் கீழ் உதட்டுக்கும் இரண்டரை அங்குலம் வித்தியாசம். நாலடிச் சரிவில் ஐந்து அங்குலம். தோண்டுகிறவர் நிற்பது மேல்பக்கம், அளப்பதும் மேல்பக்கம். இரண்டடி என்று சொன்ன குழி, கல் சாயப்போகிற கீழ்ப்பக்கத்தில் ஒன்றேமுக்கால் அடிதான் இருக்கும். கீழ் உதட்டிலிருந்து அளந்து இரண்டடி. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

குழிக்கு முன்னால் மம்மட்டியால் இரண்டடிக்கு இரண்டடி ஒரு படி வெட்டிக்கொள்வது நல்லது. கால் வழுக்காது, தோண்டின மண் கீழே உருளாது. குழி தோண்டும் பெட்ரோல் ஆகரை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் இந்தப் படி கட்டாயம். சரிவில் அப்படியே வைத்தால் ஆகரின் அலகு சரிவுக்குச் செங்குத்தாக இறங்கும், குழி சாய்ந்துவிடும். செம்மண்ணில் ஆகர் மணிக்கணக்கு வேலையை நிமிடத்தில் முடிக்கும். ஓடைக்கல்லும் சுக்கான்பாறையும் கலந்த மேட்டில் அது உதவாது. அலகு கல்லில் மாட்டியதும் கைப்பிடி திருகி, பிடித்திருப்பவரின் மணிக்கட்டைத் திருப்பிவிடும். அப்படிப்பட்ட மண்ணுக்கு ஐந்தடி நீளக் கடப்பாரையே போதும். ஒரு முனை கூராகவும் மறுமுனை உளி போலத் தட்டையாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கூர்முனை கல்லை நெம்ப, தட்டைமுனை குழிச் சுவரைச் செதுக்க. இரண்டடி ஆழத்தில் உதிர்ந்த மண்ணை அள்ள மம்மட்டி நுழையாது. ஒரு லிட்டர் பெயின்ட் டப்பாவை மூன்றடிக் கம்பில் குறுக்காக ஆணியடித்துக்கொண்டால் நன்றாக வாரும்.

கல்லை இறக்கினபின் தூக்குக்குண்டு. சரிவில் நிற்கும்போது நம் கண் தரையை மட்டமாக எடுத்துக்கொள்ளும். அதனால் கல்லைத் தரைக்கு நேராக நிறுத்துவோம், அது வானத்துக்கு நேராக இருக்காது. ரசமட்டம் வைத்துப் பார்க்கலாமே என்றால், உளியால் உடைத்த கல்லின் முகம் கரடு. மட்டம் வைக்கிற இடத்துக்கு ஒரு கணக்கு காட்டும். தூக்குக்குண்டு கல்லின் முழு உயரத்துக்கும் சேர்த்துச் சொல்லும். குண்டோடு வரும் கட்டையைக் கல்லின் தலையில் வைத்து, நூலைத் தொங்கவிட்டு, அடியில் குண்டு கல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு முகம் மட்டும் போதாது, அடுத்தடுத்த இரண்டு முகம் பார்க்கவேண்டும். காற்று அடித்தால் குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கி ஆடவிடாமல் நிறுத்தலாம்.

சாதாரணக் கல்காலுக்குக் குழியில் உடைகல் போட்டு, அரை அடிக்கு ஒருதரம் மண் தள்ளி இடித்தாலே போதும். தரை இடிக்கும் திம்மிசு குறுகின குழிக்குள் போகாது. இரண்டு அங்குல உருட்டுக் கம்பால் இடியுங்கள். குழி முழுக்க மண் போட்டுவிட்டு மேலே நின்று மிதிப்பது இடித்ததாக ஆகாது. முதல் மழைக்கே குழியைச் சுற்றி மோதிரம் போலத் தண்ணீர் இறங்கும். மூலை, உச்சி, பள்ளம், இழுப்புக்கால் (கம்பியை இழுத்துக் கட்டி முடிக்கும் கல்) இவற்றுக்குக் கான்கிரீட். 1:3:6 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) ஒரு மூட்டை சிமென்ட் ஏறக்குறைய 8 கன அடி கொடுக்கும். ஓரடிச் சதுரம், இரண்டடி ஆழக் குழியில் கல் போக 1.6 கன அடி பிடிக்கும். மூட்டைக்கு ஐந்து குழி. மேலே தேங்காய் மூடி கவிழ்த்தது போல மேடாக முடியுங்கள். மட்டமாக விட்டால் மேல்சரிவிலிருந்து வரும் தண்ணீர் அங்கேயே நின்று மண்ணை அரிக்கும். ஏழு நாள் தண்ணீர் விட்டு, அதற்குப் பிறகுதான் கம்பியைத் தொடவேண்டும்.

பள்ளத்தில் கல் ஏன் எழும்புகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலி தப்பித்தது. கம்பியை இழுத்தால் அது நேராகப் பார்க்கும். உச்சியில் கம்பி கல்லைக் கீழே அமுக்கும். பள்ளத்தில் கம்பி நேராகப் பார்க்கும் திசை மேல்நோக்கி. கல்லைப் பிடுங்கும் வேலையை நாமே கம்பிக்குக் கொடுக்கிறோம்.

எவ்வளவு பலத்தோடு பிடுங்குகிறது? ஒவ்வொரு வரியிலும் 100 கிலோ இழுப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் இரண்டு பக்கமும் பத்தடிக்கு இரண்டடி ஏறுகிறது. ஒரு பக்கத்துக்கு 20 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 39 கிலோ மேல்நோக்கி இழுக்கும். ஐந்து வரிக்கு 195 கிலோ. கல்லின் கனம் 110 கிலோ. மிச்சம் 85 கிலோவை மண்ணின் பிடி மட்டும் தாங்கவேண்டும். காய்ந்த மண் தாங்கும். ஐப்பசி மழையில் மண் ஊறியதும் விட்டுவிடும். டிராக்டரில் கட்டி 200 கிலோவுக்கு இழுத்திருந்தால் மேலிழுப்பு 390 கிலோ. ரொம்ப விறைப்பாக இழுத்த வேலி பள்ளத்தில் முதலில் போவதற்கு இதுதான் காரணம்.

சரிசெய்ய நாலு வழி இருக்கிறது. நிலத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளத்தின் அடியில் எட்டடிக் கல்லை மூன்றடி ஆழத்தில் நட்டு கான்கிரீட் போடுவது முதல் வழி. கல் 125 கிலோ, கான்கிரீட் ஏறக்குறைய 155 கிலோ, மொத்தம் 280. 195 கிலோ மேலிழுப்புக்கு இது போதும். குழியின் அடியைக் கடப்பாரையின் தட்டைமுனையால் ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் குடைந்து பானை போல அகலப்படுத்தினால், மேலே இருக்கும் மண்ணும் சேர்ந்து அமுக்கும். அடி குறுகி வாய் அகன்ற குழி மட்டும் கூடாது. அது ஆப்பு மாதிரி, இழுத்தால் வந்துவிடும்.

இரண்டாவது, வளைவைப் பங்கு போடுவது. பள்ளம் அகலமாக இருந்தால் அடியில் ஒரே கல்லுக்குப் பதில் மூன்று கல்லை நெருக்கி நட்டு, கம்பி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்படி செய்யலாம். 195 கிலோ மூன்றாகப் பிரிந்து ஒரு கல்லுக்கு 65 கிலோ ஆகிவிடும். சாதாரணக் கல்காலே தாங்கும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது, கான்கிரீட்டே வேண்டாம்.

மூன்றாவது, புதைகல். வேலி போட்டபிறகு கல் எழும்ப ஆரம்பித்துவிட்டது என்றால் இதுதான் கைகொடுக்கும். ஐம்பது அறுபது கிலோ கருங்கல் ஒன்றைக் கல்காலின் ஓரமாக மூன்றடி ஆழத்தில் குறுக்கே படுக்கவைத்து, 10 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய) கம்பியை நாலு புரியாக அதில் சுற்றி மேலே கொண்டுவந்து ஐந்து வரியிலும் கட்டி, நடுவில் ஒரு கம்பித்துண்டைச் செருகி முறுக்கவேண்டும்.

நாலாவது, இழுப்பைப் பள்ளத்துக்குள் இறக்காமலேயே தவிர்ப்பது. குறுகலான ஆழப் பள்ளம், சின்ன ஓடை என்றால் ஐந்து வரியையும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நேராக ஓட்டிவிடுங்கள். கீழே விழும் சந்துக்குத் தனியாகத் துண்டுக் கம்பிகளை விறைப்பில்லாமல் கட்டலாம். ஓடையாக இருந்தால் சந்தை நிரந்தரமாக அடைக்கவே கூடாது. வெள்ளத்தில் வரும் செத்தையும் முள்ளும் கம்பியில் அடைத்து அணைபோல நிற்கும், இரண்டு பக்கக் கல்லையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். செயின்லிங்க் துண்டு ஒன்றையோ மூங்கில் தட்டியையோ மேலே ஒரு கம்பியில் மட்டும் தொங்கவிட்டு, அடியைச் சும்மா விடுங்கள். தண்ணீர் வந்தால் தூக்கி வழிவிடும், வற்றினால் தானாக இறங்கிவிடும்.

மூலைக்கல்லும் முட்டும்

மூலைக்கல்லைச் சாயாமல் தாங்கச் சாய்த்து வைப்பது முட்டுக்கல். கம்பி எந்தப்பக்கம் இழுக்கிறதோ அந்தப்பக்கம்தான் அது வரவேண்டும். சரிவில் மேல்மூலையும் கீழ்மூலையும் ஒன்றில்லை. கீழ்மூலையில் கம்பி மேட்டை நோக்கி இழுக்கிறது, முட்டும் மேட்டுப்பக்கம் வருகிறது, தரை உயர்ந்திருப்பதால் முட்டு கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் இருக்கும். அருமையாகத் தாங்கும். மேல்மூலையில் முட்டு பள்ளத்துப் பக்கம் இறங்கி நிற்கவேண்டியிருக்கிறது. ஐந்தடி தள்ளி முட்டின் கால், மூலைக்கல்லில் மூன்றரை அடி உயரத்தில் முட்டின் தலை என்றால் சமதளத்தில் சாய்வு 35 பாகை. பத்தடிக்கு நாலடிச் சரிவில் அதே முட்டு 48 பாகைக்கு நிமிர்ந்துவிடும். நிமிர்ந்த முட்டு மூலைக்கல்லைத் தள்ளுவதோடு ஜாக்கி போலத் தூக்கவும் செய்யும். மேல்மூலைக்கு முட்டுக்கல்லை நீளமாக வாங்கி, காலை ஏழெட்டடி தள்ளி வையுங்கள். முட்டின் காலுக்கு அடியில் ஒரு தட்டைக் கல் படுக்கவைத்தால் மண்ணில் இறங்காது.

இழுப்பு

முள்கம்பி ரோலைக் கடப்பாரையில் கோத்து இரண்டு பேர் பிடித்து, மேலிருந்து கீழே நடந்து விரிக்கவேண்டும். கம்பி நுனியை மேலே கட்டியபிறகுதான் நடக்க ஆரம்பிக்கவேண்டும். செயின்லிங்க் ரோல் இன்னும் ஆபத்து. 5 அடி உயரம், 50 அடி நீளம், 10 கேஜ், 3 அங்குலக் கண் என்றால் 40 கிலோவுக்கு மேல் இருக்கும். சரிவில் ஒருதரம் உருள ஆரம்பித்தால் நிறுத்தமுடியாது. ரோலுக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது. தோல் கையுறையும் கண்ணாடியும் போடாமல் முள்கம்பியை வெட்டக்கூடாது. விறைத்த கம்பி வெட்டினதும் பாம்பு போலச் சுருண்டு முகத்துக்கு வரும்.

கடப்பாரையில் கம்பியைச் சுற்றி நெம்பி இழுப்பது நம் ஊர் வழக்கம். முப்பது நாற்பது அடிக்கு அது போதும். நீளத்துக்கு ரேட்செட் புல்லர் வேண்டும். ஒரு பல் ஒரு பல்லாக ஏறும், வேண்டும்போது தளர்த்தவும் முடியும். டிராக்டரில் இந்த இரண்டுமே கிடையாது. மேடு பள்ளத்தில் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் இழுக்கமுடியாது. ஒவ்வொரு உச்சியிலும் கம்பி உரசி, இழுப்பு அடுத்த பக்கத்துக்குப் போகாமல் நிற்கும். புல்லர் பக்கம் அறுந்துபோகிற அளவு விறைப்பாகவும் மறுபக்கம் தொளதொளவென்றும் இருக்கும். சரிவு பெரிதாக மாறும் ஒவ்வொரு உச்சியிலும் முட்டோடு ஓர் இழுப்புக்கால் வைத்து, உச்சிக்கு உச்சி தனித்தனியாக இழுங்கள். நடுக்கல்களில் கம்பியைத் தளர்ந்த வளையமாக மட்டும் மாட்டியிருக்கவேண்டும். புல்லரில் நாலு பல் ஏற்றியதும் ஒருவர் வேலியோடு நடந்து ஒவ்வொரு கல்லிலும் கம்பியை உலுக்கிவிட்டு வந்தால் இழுப்பு ஒரே சீராகப் பரவும்.

எவ்வளவு இழுத்தது என்று தெரிந்துகொள்ள மீட்டர் தேவையில்லை. பத்து லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று போதும். கட்டுவதற்கு முன்னால், கம்பி வளையங்களில் தாராளமாக நகரும் நிலையிலேயே, எட்டடி இடைவெளியின் நடுவில் கேனைத் தொங்கவிடுங்கள். கம்பி இரண்டரை அங்குலம் தாழ்ந்தால் இழுப்பு ஏறக்குறைய 100 கிலோ. நாலு அங்குலம் தாழ்ந்தால் 60 கிலோதான், இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். ஒன்றேகால் அங்குலம்தான் தாழ்கிறது என்றால் 200 கிலோ. உடனே இரண்டு பல் தளர்த்துங்கள், பள்ளத்துக் கல் பாவம்.

கட்டும்போது மேட்டில் ஆரம்பித்துப் பள்ளத்தில் முடியுங்கள். கட்டுக்கம்பி 14 கேஜ் ஜிஐயாக இருக்கட்டும். கட்டட வேலைக்கு வாங்கும் கறுப்புக் கட்டுக்கம்பி மலிவுதான். இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும், நல்ல முள்கம்பி தரையில் கிடக்கும்.

செயின்லிங்க் என்றால்

முள்கம்பி சரிவோடு தானாகப் போகும். செயின்லிங்க் செவ்வகமாகத்தான் விரியும், சரிவில் இழுத்தால் ஒரு ஓரம் சுருங்கி மறு ஓரம் தொங்கும். லேசான சரிவில் வலையின் கண்களைச் சாய்த்துச் சமாளிக்கலாம். பத்தடிக்கு ஒன்றரை அடிக்கு மேல் ஏறினால் படிப்படியாக வெட்டி மாட்டுவதுதான் வழி. ரெடிமேட் காம்பவுண்ட் சிலாபுக்கும் இதே கதிதான். இங்கேதான் டியூப் லெவல் கட்டாயமாகிறது. 50 அடி டியூபில் வாளியிலிருந்து உறிஞ்சி நிரப்பி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை ஆரம்பிக்குமுன் இரண்டு முனையையும் பக்கத்தில் பிடித்து ஒரே மட்டம் காட்டுகிறதா என்று சோதியுங்கள். நகரும்போது கட்டைவிரலால் மூடுங்கள், படிக்கும்போது இரண்டு முனையையும் திறந்துவிடுங்கள். ஒன்றை மூடியபடி படித்தால் மட்டம் பொய். ஒவ்வொரு கல்லுக்கும் இறக்கம் எத்தனை அங்குலம் என்று எழுதிக்கொண்டால், கல்லின் நீளமும் படியின் உயரமும் அங்கேயே கிடைத்துவிடும். படிக்குக் கீழே விழும் முக்கோணச் சந்தைக் கல் அடுக்கி அடையுங்கள்.

செயின்லிங்கை வெட்டுவதற்குக் கட்டர் தேவையில்லை. வெட்டவேண்டிய இடத்தில் மேலும் கீழும் முடிச்சைப் பிளேயரால் நிமிர்த்தி, ஒற்றைக் கம்பியை மட்டும் திருகாணி போலச் சுழற்றி மேலே உருவினால் வலை இரண்டாகப் பிரியும். அதே கம்பியைத் திரும்பச் சுழற்றி இறக்கினால் இரண்டு துண்டு ஒன்றாகிவிடும்.

முள்கம்பியை இழுப்புக்காலில் சுற்றி முடிக்கும்போது ஒட்ட வெட்டாமல் இரண்டடி வால் விட்டு, சுருட்டிக் கல்லோடு கட்டிவையுங்கள். முதல் மழைக்குப் பிறகு பள்ளத்துக் கல்லை ஒருதரம் பார்த்து, தொய்ந்த வரி இருந்தால் அந்த வாலில் புல்லரை மாட்டி இரண்டு பல் ஏற்றிவிடலாம்.